அரிசி ஆலை இயந்திரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும் முறை

காலபோக அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் மாசி, பங்குனி மாதங்களில் வன்னியின் அரிசி ஆலைகள் ஓய்வின்றி ஓடுகின்றன. அந்த அவசரத்தில், பெல்ட் மாற்றவோ, நெல்லை வாளிகளில் மேலே ஏற்றும் எலிவேற்றரில் அடைத்த நெல்லை எடுக்கவோ, நிறுத்தும் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு உள்ளே கை விடுகின்ற பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அந்தப் பொத்தான் மோட்டரை நிறுத்துமே தவிர மின்சாரத்தைத் துண்டிக்காது. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வந்து சேரும் மூன்று பேஸ் கம்பிகளுக்கிடையில் 400 வோல்ற் அப்படியே இருக்கும்.

ஆகவே, அந்த இயந்திரத்துக்குரிய மெயின் சுவிட்சை நிறுத்தி, அதன் கைபிடியில் ஆமைப்பூட்டைப் போட்டு, திறப்பை வேலை செய்பவரே தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இருவர் வேலை செய்தால் பூட்டும் இரண்டு. பூட்ட வசதியில்லாத பழைய சுவிட்சாயின், நிறுத்திய பின் பியூஸ்களைக் கழற்றிக் கையோடு வைத்திருங்கள். நான் தொழில் பழகிய ஆலையொன்றில், தீட்டும் இயந்திரத்தின் சல்லடையை மாற்றிவிட்டுக் கையை வெளியே எடுத்த மறுகணம், உமி மூட்டை கட்டிவிட்டு வந்த அண்ணர் ஒருவர் இயந்திரம் சும்மா நிற்கிறதென்று எண்ணிச் சுவிட்சைப் போட்டுவிட்டார். அவரில் பிழையில்லை. சுவிட்சில் பூட்டும் இல்லை, ஓர் அறிவித்தல் மட்டையும் இல்லை.

பூட்டிய பின்பும் சோதிக்காமல் கம்பியைத் தொடக்கூடாது. இதைத் தொழில் தெரிந்த மின்னியலாளரே செய்ய வேண்டும். முதலில் மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் மீற்றரை வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பின்னர் மூன்று பேஸ்களையும் ஒன்றோடொன்றும் ஒவ்வொன்றையும் ஏர்த்துடனும் அளந்து, மீண்டும் முதலிடத்தில் மீற்றரைச் சரிபார்க்க வேண்டும். நடுவில் மீற்றரே பழுதாகியிருந்தால் அது காட்டும் பூச்சியத்துக்குப் பொருளில்லை. டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

கப்பாசிற்றர் பெட்டி துண்டித்த பின்பும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். பெட்டியில் குறித்துள்ள நேரம் காத்திருந்து, அளந்த பின்பே தொடுங்கள். ஜெனரேற்றர் உள்ள ஆலையில் அதையும் நிறுத்திப் பூட்டுங்கள். மின்சாரம் போன பின்பும், ஒரு பக்க வாளிகளில் நெல் நிறைந்து நிற்கும் எலிவேற்றர் பாரத்தால் பின்னோக்கிச் சுழலக்கூடும் என்பதால், பட்டியை அசையாமல் கட்டிவிட்டே அதற்குள் கை வைக்க வேண்டும்.

எவரையாவது மின்சாரம் தாக்கினால் அவரைப் பிடித்து இழுக்காமல் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருங்கள்.

வேலை முடிந்ததும் காப்பு மூடிகளை மீண்டும் பொருத்தி, எல்லோரும் விலகி நிற்பதைக் கண்ணால் பார்த்து, பூட்டியவரே பூட்டைத் திறக்க வேண்டும். மோட்டர் கம்பிகளைக் கழற்றியிருந்தால், பெல்ட்டைப் போடுமுன் ஒரு கணம் ஓட்டிச் சுழலும் திசையைப் பாருங்கள். இரண்டு கம்பிகள் இடம் மாறினாலே மோட்டர் எதிர்ப்புறம் சுழலும். திசை சரியென்றால், மீண்டும் நிறுத்திப் பூட்டிவிட்டே பெல்ட்டைப் போடுங்கள்.