எல்லாம் பழைய இளைப்புதானா? சிஓபிடி உள்ள புகைப்பவர்கள் செய்யும் தவறுகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுவதும் பிடிப்பதும் அன்றாட வழக்கம். ஐம்பது தாண்டியவரின் விடியற்கால இருமலை அங்கே யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. மருத்துவர் சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) என்று சொல்லி பஃப் (வாயால் உறிஞ்சும் மருந்து) கொடுத்துவிட்டால் போதும், அதன்பின் எது வந்தாலும் ‘இளைப்பு முத்திடுச்சு’ என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். அதே அளவு புகைத்தும் சிஓபிடி வராதவரைவிட, சிஓபிடி உள்ளவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

இருமல் இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. மாறியிருக்கிறதா என்று பாருங்கள். காலையில் மட்டும் வந்தது இரவிலும் வருகிறதா? சளியில் ரத்தக் கீற்று உண்டா? குரல் மூன்று வாரமாகக் கம்மியே இருக்கிறதா? தோள்வலி கைக்கு இறங்குகிறதா? லுங்கி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டாரா? விரல்களையும் கவனியுங்கள். இரண்டு சுட்டுவிரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டினால் நடுவே வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்து விரல் நுனி உருண்டுவிட்டால் சிஓபிடியைக் காரணம் சொல்லி விட முடியாது. சிஓபிடி மட்டும் விரலை அப்படி ஆக்குவதில்லை.

‘பீடிதானே, சிகரெட்டா?’ என்பது அடுத்த ஏமாற்று. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் இலை வழியே காற்று புகாது. அணையாமலிருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் நிகோடினும் அதனால் குறைவதில்லை. மருத்துவர் கேட்டால் ‘எப்பவாவது’ என்று மழுப்பாமல் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். தினம் 20 வீதம் ஒரு வருடம் பிடித்தால் அது ஒரு பாக்கெட் வருடம். தினம் 10 வீதம் 40 வருடம் என்றால் 20. வயது 50 முதல் 80, பாக்கெட் வருடக் கணக்கு 20 அல்லது அதற்கு மேல், இன்னும் புகைக்கிறார் அல்லது விட்டு 15 வருடம் ஆகவில்லை என்றால் ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் என்பது அமெரிக்காவின் 2021 பரிந்துரை. நம்மூரில் பழைய டிபி தழும்பும் ஸ்கேனில் கட்டி போலத் தெரியும். எனவே நேராக ஸ்கேன் சென்டருக்குப் போகாமல், நுரையீரல் மருத்துவரிடம் கேட்டு எடுப்பதே மேல்.

அந்த டிபியே இன்னொரு பொறி. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் சளியைச் சோதிக்காமல் டிபி மாத்திரை தொடங்கி, மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே கொடுக்கலாம். கிருமி இல்லை, இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகும் நிழல் அப்படியே இருக்கிறது என்றால் சிடி கேளுங்கள். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்பதும் முடிவல்ல. இதயத்துக்குப் பின்னாலும் காறை எலும்புக்கு அடியிலும் இருக்கும் கட்டி அதில் தப்பிவிடும்.

பழைய பிலிம்களைத் தூக்கிப் போடாதீர்கள். வேலூர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உறையில் தனித்தனியாக வையுங்கள். திடமான கட்டி இரண்டு வருடமாக அளவு மாறவில்லை என்று பழைய சிடி காட்டினால், பெரும்பாலும் திசு எடுக்க ஊசி குத்தும் தேவையே வராது.

பயாப்சி (கட்டியின் திசுவை எடுத்துச் சோதிப்பது) எடுத்தால் புற்று பரவும் என்ற பயம் அளவுக்கு மீறியது. அப்படி நடப்பது மிக அரிது. கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு: காற்றுப்பைகள் சிதைந்த நுரையீரலில் ஊசி பட்டால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கலாம். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து மூச்சுக்குழாய் வழியாகவும் திசு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

‘நடந்தாலே மூச்சு வாங்குது, ஆபரேஷன் எங்கே தாங்குவார்’ என்று வீட்டார் தீர்ப்பு எழுதிவிடுவதும் உண்டு. அதை நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் பரிசோதனை சொல்லட்டும். அறுவைக்கு முடியாதவருக்குக் கட்டி சிறிதாக இருந்தால் துல்லியக் கதிர்வீச்சு இருக்கிறது. அதுவரை பஃபை விடாதீர்கள்: கேப்சூல் போட்டு உறிஞ்சும் வகை என்றால் மருந்தை வேகமாக ஆழ உறிஞ்சி, 10 வினாடி மூச்சடக்கி, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ‘இனிமே விட்டு என்ன’ என்று பீடியைத் தொடர்ந்தால் கதிர்வீச்சின் பலன் குறையும், அறுவைக்குப் பின் நிமோனியா வர வாய்ப்பும் கூடும்.