மதச்சார்பின்மைப் பாடத்தைச் சண்டை வராமல் நடத்துவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பதினோராம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பாடத்தை வரையறையில் தொடங்காதீர்கள். ஆளுக்கொரு அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். பணத்தில் தொடங்குங்கள்.

நான் கரும்பலகையில் எழுதுவது 13,50,000 ரூபாய். அரசியலமைப்பின் 290ஏ பிரிவுப்படி, தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் தேவசம் நிதிக்குத் தர வேண்டிய தொகை இது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் பக்கம் வந்த பகுதிகளில் உள்ள கோயில்களின் பராமரிப்புக்காக. கேரளம் தன் பங்குக்கு 46,50,000 தருகிறது. "மதச்சார்பற்ற அரசு இதைத் தரலாமா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

பதில்கள் பெரும்பாலும் மூன்று பக்கம் பிரியும். அரசு மதத்தைத் தொடவே கூடாது. கொடுத்தால் எல்லா மதத்துக்கும் கொடுக்கணும். மதத்துக்குள் அநியாயம் நடந்தால் அரசு தலையிடணும். மூன்று பத்தியாக எழுதுங்கள். பக்கத்தில் கட்சிப் பெயர் எதுவும் வேண்டாம்.

அப்புறம் ஒவ்வொரு பத்தியையும் அதற்குச் சங்கடமான இடத்தில் நிறுத்துங்கள். தொடவே கூடாது என்பவர்களிடம் 25(2)(ஆ) பிரிவை வாசியுங்கள். பொதுவான இந்துக் கோயில்களை இந்துக்களில் எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் போடலாம் என்கிறது அது. அதையும் வேண்டாம் என்பார்களா? பிரான்ஸைக் காட்டுவார்கள். அங்கே 1905 சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்தது உண்மை. ஆனால் அப்போது ஜெர்மனி வசம் இருந்த அல்சாஸ்-மோசெல் பகுதியில் இன்றும் பாதிரியார்களுக்கும் யூத மதகுருக்களான ரபிகளுக்கும் அரசுச் சம்பளம்தான். சமமாகக் கொடு என்பவர்களிடம், மதமே இல்லாதவருக்கு என்ன பங்கு என்று கேட்டால் போதும். தலையிடணும் என்பவர்களிடம், எல்லை எது என்று கேளுங்கள். 1954 சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் மடத்தின் சொத்து நிர்வாகத்தை அரசு சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம் என்றது. எது இன்றியமையாத வழக்கம் என்பதை அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்தே பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: வகுப்பில் இருக்கும் ஒரே முஸ்லிம் பிள்ளையைப் பார்த்து "உங்கள்ல எப்படிம்மா?" என்று கேட்பது. அந்தப் பிள்ளை ஒரு மதத்தின் வக்கீல் ஆகிவிடும், அன்றோடு வாயையும் மூடிக்கொள்ளும். இரக்கத்தோடு கேட்டாலும் இதே கதிதான்.

"அரசியலமைப்பின் முகவுரையில் 'மதச்சார்பற்ற' என்ற சொல்லே அவசரநிலையில் நுழைத்ததுதானே சார்" என்று ஒருவராவது எழுவார். ஆமாம், 1976இல், 42ஆம் திருத்தத்தில். 1948இல் அரசியலமைப்பு நிர்ணய சபை உறுப்பினர் கே. டி. ஷா அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னபோது அம்பேத்கர் ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, மதச் சுதந்திரம் தரும் 25 முதல் 28 வரையிலான பிரிவுகள் 1950 முதலே இருக்கின்றன என்பதையும்.

நேரம் இருந்தால் கேரள வழக்கு ஒன்று. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. முதல் பத்திக்காரர்களும் இரண்டாம் பத்திக்காரர்களும் இங்கே ஒரே பக்கம் சேர்வதைப் பார்க்கலாம்.

கடைசியில் கை தூக்கச் சொல்லாதீர்கள். தனக்குப் பிடிக்காத பத்திக்கு ஆதரவாக ஒரு நல்ல காரணத்தை ஆளுக்கு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். "நீங்க எந்தப் பத்தி?" என்று கேட்பார்கள். நான் மூன்றாவது. அதைத் தாள்களை வாங்கிய பிறகுதான் சொல்வேன்.