‘மில்க் இஸ் ஓவர்’ முதல் ‘ரன் அவுட்’ வரை: ‘ரன்’ பழகும் முறை

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல் ‘செட்’. பிறகு வந்த திருத்தத்தில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். பயப்பட வேண்டாம், நம்முடைய ‘ஓடு’ பாதி வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறது. மீதிப் பாதியில்தான் வழுக்கும்.

படி 1: வடிவங்கள்

ரன், ரேன், ரன். ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ முன்னால் வந்தால் பின்னால் வருவது ‘ரன்’தான். ‘ஹி ஹேஸ் ரேன்’ என்பது தவறு. மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவே.

படி 2: தமிழில் எதெல்லாம் ஓடுகிறது?

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பஸ் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, ஆட்டோ மீட்டர் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, மனசில் ஏதோ ஓடுகிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போடலாம். ‘தி ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்’ என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் ‘நாள் ஓடியே போச்சு’ என்பதை அப்படியே மாற்றாதீர்கள். ‘டைம் ரேன் அவுட்’ என்றால் கொடுத்த நேரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். நேரம் போனதே தெரியவில்லை என்பதற்கு ‘டைம் ஃப்ளூ’. அதேபோல, ‘மூளை ஓடவில்லை’ என்பதற்கும் ‘ரன்’ உதவாது.

மூக்கு ஒழுகுவதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான். நம் ஊரில் டாக்டர்களே ‘ரன்னிங் நோஸ்’ என்பார்கள். வெளிநாட்டில் ‘ரன்னி நோஸ்’ என்று சொல்வதுதான் வழக்கம்.

படி 3: ஓட்டுவதும் நடத்துவதும்

கடை, பள்ளிக்கூடம், கம்பெனி எதை நடத்தினாலும் ‘ரன்’. ‘ஷி ரன்ஸ் எ பேக்கரி’ என்றால் பேக்கரி அவர் பொறுப்பில் நடக்கிறது.

கார் ஓட்டுவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு ‘டிரைவ்’. பிரிட்டனில் ‘ரன் எ கார்’ என்றால் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் செலவையெல்லாம் சமாளித்து ஒரு கார் வைத்திருப்பது. ‘ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்பவருக்கு கார் ஓட்டத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது.

தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’, நம் பத்திரிகைகளில் ‘கன்டெஸ்ட்’. அங்கே ஓடுகிறார்கள், இங்கே நிற்கிறார்கள்!

படி 4: வால் சொற்கள்

‘ரன்’னுக்குப் பின்னால் ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’ என்று ஒரு வால் ஒட்டினால் பொருளே மாறிவிடும். முதலில் ‘ரன் அவுட்’டைப் பிடியுங்கள், தினமும் தேவைப்படும். பால் தீர்ந்ததும் நாம் ‘மில்க் இஸ் ஓவர்’ என்கிறோம். நம் ஊரில் இது எல்லோருக்கும் புரியும், லண்டனில் சொன்னால் ஒரு நொடி விழிப்பார்கள். அங்கே ‘ஓவர்’ என்பது கூட்டம், மேட்ச், சண்டை மாதிரி நடந்து முடிகிற விஷயங்களுக்கு. பாலுக்கு இரண்டு வழி உண்டு:

‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்.’
‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்.’

முதல் வாக்கியம் நம் தமிழ் மாதிரியே பாலை எழுவாயாக வைக்கிறது. இரண்டாவதில் எழுவாய் நாம். அப்போது ‘ஆஃப்’ கட்டாயம். பேச்சில் இந்த இரண்டாவதுதான் அதிகம் காதில் விழும். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் மில்க்’. பாலை எடுத்துவிட்டு பணம், பொறுமை, யோசனை என்று எதை வேண்டுமானாலும் வைத்துப் பழகலாம்.

‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. சுவரில் போய் மோதினாலும் இதே சொல்தான்.

‘ரன் ஓவர்’ கொஞ்சம் ஆபத்தானது. ‘தி மீட்டிங் ரேன் ஓவர்’ என்றால் கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. ‘தி லாரி ரேன் ஓவர் எ டாக்’ என்றால் நாயின் மேல் லாரி ஏறிவிட்டது.

ஆபீஸில் ‘ரன் இட் பை மீ’ என்று மேனேஜர் சொன்னால், ‘செய்வதற்கு முன் என் காதில் ஒரு வார்த்தை போடு’ என்று அர்த்தம்.

படி 5: பெயர்ச்சொல்லாக

கிரிக்கெட் ரன்னை விளக்க வேண்டியதில்லை. ‘இன் தி லாங் ரன்’ என்றால் போகப்போக. ‘டிரை ரன்’ என்றால் ஒத்திகை. ‘ஆன் தி ரன்’ என்றால் போலீஸுக்குத் தலைமறைவு.

செய்தியில் வரும் ‘பேங்க் ரன்’ வேறு சங்கதி. வங்கி மீது நம்பிக்கை போய், எல்லோரும் ஒரே நேரத்தில் போட்ட பணத்தை எடுக்கப் பாய்வது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்க முயன்றார்கள்; மறுநாளே வங்கியை மூடிவிட்டார்கள்.

படி 6: நீங்களே சொல்லிப் பாருங்கள்

விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை தீரப் போகிறது: ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஷுகர்.’

அந்த பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது: ‘தட் பஸ் டஸன்ட் ரன் ஆன் சண்டேஸ்.’

சந்தையில் எங்கள் டீச்சரை எதேச்சையாகப் பார்த்தேன்: ‘ஐ ரேன் இன்டு அவர் டீச்சர் அட் தி மார்க்கெட்.’

மாமா மெஸ் நடத்துகிறார்: ‘மை அங்கிள் ரன்ஸ் எ மெஸ்.’ வெளிநாட்டுக்காரரிடம் இதைச் சொல்வதானால் மெஸ்ஸை ரெஸ்டாரன்ட் ஆக்கிவிடுங்கள். அவர்கள் ஊரில் ‘மெஸ்’ என்றதும் குப்பைக்கூளம்தான் நினைவுக்கு வரும்.