பலூனும் பழைய வலையும் வச்சு கலம் கிழடாகிறத காட்டுற விதம்

போன கிழமை மாமிட மகள் போன் எடுத்து, மச்சான் எங்கட ஸ்கூல் சயன்ஸ் எக்ஸிபிஷனுக்கு எனக்கு கலம் வயசு போறதில கருப் புரதங்கள்ர பங்கு எண்டு தலைப்பு தந்திரிக்காங்க, றெஜிபோம் வாங்கவா எண்டு கேட்டாள். வேணாம் கா எண்டன். றெஜிபோம்ல கலம் செஞ்சு பச்சை பெயின்ட் அடிச்சு நடுவில ஒரு பிங்பொங் போல ஒட்டினா பாக்க வடிவா தான் இரிக்கும், ஆனா அதில ஒண்டும் நடக்காது, கிழடாகிறதெண்டா ஏதோ ஒண்டு மாறுறது கண்ணுக்கு தெரியணுமே. அவளுக்கு சொன்னத இஞ்ச அப்பிடியே எழுதுறன், வேற புள்ளைகளுக்கும் உதவும்.

சாமான் கனக்க இல்ல. பெரிய பலூன் மூண்டு (மேலதிகமா அஞ்சு வாங்கி வைங்க, ஏன் எண்டு பிறகு சொல்றன்), வலைத்துண்டு, பிறிஸ்டல் போட் ஒண்டு, டபிள் டேப், கத்தரிக்கோல். வலைக்கு கடைக்கு போகாதீங்க. நாவலடி பக்கமோ பாலமீன்மடு பக்கமோ தெரிஞ்ச ஆக்கள் இருந்தா கழிச்சுப் போட்ட வலை சும்மாவே தருவாங்க. தங்கூசி வலை சரிவராது, வழுக்கும், தூரத்தில நிண்டு பாக்கிறவருக்கு தெரியவும் மாட்டுது, நூல் வலை தான் நல்லம். கண் ரெண்டு விரல் அகலம் இரிக்கணும், சின்னக் கண்ணெண்டா பலூன் வெளிய தள்ளுறது விளங்காது. ஒண்டும் கிடைக்காட்டி வெங்காயம் வாற சிவப்பு வலைப்பையில சில கண்களை வெட்டி பெருசாக்கி எடுக்கலாம்.

வலை எதுக்கெண்டா, கலத்துக்குள்ள இரிக்கிற கருவ மூடியிரிக்கிற கருமென்சவ்வுக்கு உள்பக்கமா லாமின் எண்ட புரதங்கள் பின்னிப் பிணைஞ்சு உண்மையிலயே வலை மாதிரி தான் கிடக்கு. கருவுக்கு உருவம் குடுக்கிறதும் அது தான், நிறமூர்த்தங்கள்ல பேசாம இருக்க வேண்டிய பகுதிகள பிடிச்சு ஓரமா கட்டி வச்சிரிக்கிறதும் அது தான். நாங்க வலைய வெளியால போடுறம், கலத்தில அது உள்ளால, இத நடுவர்மார் கேக்க முதல் நீங்களே சொல்லிடுங்க.

முதல் பலூன் சுகமான கரு. வலைய பை மாதிரி தைச்சு பலூன உள்ள விட்டு, வலை இறுகிற அளவுக்கு மட்டும் ஊதுங்க. உருண்டையா நிக்கும், அவ்வளவு தான்.

ரெண்டாவது கிழட்டுக் கரு. ஊத முதலே வலையில ஒரே இடத்தில நாலஞ்சு முடிச்ச வெட்டிடுங்க, சுத்திவர வெட்டினா பயனில்ல. மறுகா ஊதினா வெட்டின இடத்தால பலூன் கொப்புளம் மாதிரி பிதுங்கி வரும். பிரியிறத நிப்பாட்டி கிழடாகின கலங்கள்ல லாமின் பி1 எண்ட வகை குறைஞ்சு போகும், கருவின்ர உருவம் குழம்பும், கட்டி வச்ச டீ என் ஏ பகுதிகள் அவிழத் தொடங்கும், அதத்தான் இதில காட்டுறம். கலங்கள் பிரியிறதுக்கே ஒரு எல்லை இரிக்கு எண்டு 1961ல ஹேஃப்ளிக் எண்ட விஞ்ஞானி காட்டினவர், ஆய்வுகூடத்தில வளர்த்த மனிசக் கலங்கள் 40க்கும் 60க்கும் இடையில தரம் பிரிஞ்சிட்டு நிண்டிடும், அப்ப பிறேக் போடுற ஆக்கள்ல பி53 எண்ட கருப் புரதமும் ஒண்டு. இத ஒரு சின்ன மட்டையில எழுதி பக்கத்தில வச்சா போதும்.

மூண்டாவது தான் எக்ஸிபிஷன்ர உயிரே, நேரத்த இதில போடுங்க. புரோஜீரியா எண்ட நோய், மிச்சம் அரிது, சின்னப் புள்ளைகளுக்கே முடி கொட்டி, தோல் சுருங்கி, நாடி தடிச்சுப் போகும், மருந்தில்லாட்டி சராசரி ஆயுள் 14 வருசத்துக்கு கொஞ்சம் கூட. மூளைக்கு ஒரு குறையும் இல்ல, அந்தப் புள்ளைகள் மத்தப் புள்ளைகள் மாதிரியே படிப்பாங்க. அதால இன்டர்நெட்ல இருந்து அவங்கட படம் பிறின்ட் பண்ணி ஒட்டாதீங்க, கலத்த காட்டினாலே போதும்.

இப்ப பிறிஸ்டல் போட்ட எடுங்க. 66.4 சென்ரிமீற்றர் நீளமா ரெண்டு பட்டி வெட்டுங்க, ஒரு மில்லிமீற்றர் ஒரு அமினோ அமிலம். இந்த நோயில பழுதாகிறது லாமின் ஏ எண்ட இன்னொரு வகை, அது முதல்ல 664 அமினோ அமிலமா தான் உண்டாகும், கடைசி நுனிக்கிட்ட ஒரு கொழுப்புப் பசை ஏறும், அது தான் டபிள் டேப். அந்தப் பசையால போய் மென்சவ்வில ஒட்டும், ஆனா ஒட்டியே கிடக்கிறதுக்கு இல்ல, பிறகு நொதியம் வந்து கடைசி 18ஐ பசையோட சேத்து நறுக்கி விட்டிடும், 646 உள்ள லாமின் விடுபட்டு வலையில போய் சேரும். அதால முதல் பட்டியில 64.6ல சிவப்புக் கோடு கீறி, பாக்க வாற ஆக்களுக்கு முன்னால அதில வெட்டிக் காட்டுங்க.

ரெண்டாவது பட்டியில 60.6ல இருந்து 65.6 வரைக்கும் அஞ்சு சென்ரிமீற்றர கழிச்சிட்டு மிச்சத்த சேத்து ஒட்டுங்க. 61.4 வரும், சிவப்புக் கோடு எங்க? கழிச்ச துண்டோட போயிட்டுது. வெட்ட இடமில்லாம பசை நுனியிலயே நிக்குது, இது தான் புரோஜெரின். இது மாதிரி ஆறேழு சின்னப் பட்டி செஞ்சு, பாதி ஊதின பலூன்ல நுனிகள ஒட்டி, மறுகா முழுசா ஊதிப் பாருங்க, ஒட்டின இடம் விரியாம இழுத்துப் பிடிக்க மத்த இடமெல்லாம் கண்டபடி வீங்கும். நுணுக்குக்காட்டியில அந்தக் கருக்கள் இப்பிடித் தான் கோணல்மாணலா தெரியும்.

இவ்வளவுக்கும் காரணம் லாமின் ஏய உண்டாக்கிற எல் எம் என் ஏ எண்ட பரம்பரையலகில மாறின ஒரே ஒரு டீ என் ஏ எழுத்து, சி இருந்த இடத்தில ரி. அதிசயம் என்னண்டா ரெண்டுமே அதே அமினோ அமிலம் கிளைசினத் தான் குடுக்கும், மேலோட்டமா பாத்தா பிழையே இல்ல, ஆனா ஆர் என் ஏய வெட்டி ஒட்டுற இடம் மாறி 150 எழுத்து காணாம போகுது. 2003ல தான் இத கண்டுபிடிச்சாங்க.

நடுவர் ஒராள் கட்டாயம் கேப்பார், அப்ப எங்களுக்கும் கிழடாகிறது இதால தானோ எண்டு. ஓம் எண்டு சொல்லி மாட்டிக்காதீங்க. நோயில்லாத வயசானவங்கட கலத்திலயும் புரோஜெரின் கொஞ்சமா இரிக்கிறத 2006ல காட்டினவங்க, ஆனா சாதாரண முதுமைக்கு வேற கனக்க காரணம் இரிக்கு, புரோஜீரியா ஒரு ஜன்னல் மட்டும் தான். மருந்து கேட்டா லோனாஃபார்னிப் எண்டு சொல்லுங்க, முதல்ல புற்றுநோய்க்கெண்டு செஞ்சது, அந்தப் பசைய ஏறவே விடாது, 2020 நவம்பர்ல அமெரிக்காவில அனுமதி கிடைச்சது, ஆயுளக் கூட்டும், முழுசா சுகமாக்காது. முகத்துக்குப் பூசுற கிறீம் பத்தி ஆராவது கேட்டா சிரிச்சிட்டு விடுங்க.

அந்த அஞ்சு பலூன் கதைக்கு வாறன். நான் படிக்கிற காலத்தில சுப்பர் குளூ போட்டு ஒட்டி, நடுவர் மேசைக்கு வர ரெண்டு நிமிசத்துக்கு முதல் டமார். குளூ பலூன்ல படவே கூடாது. முதல் நாள் ஊதி வைக்கிறதும் வேணாம், கச்சான் காத்து அடிக்கிற நாள்ல தகரக் கூரைக்குக் கீழ பின்னேரத்துக்குள்ள ஒண்டும் மிஞ்சாது. காலையில ஊதுங்க, முக்கால்வாசி காணும், மிச்சத்த ஆக்கள் வாற நேரம் அவங்களுக்கு முன்னால ஊதினா கொப்புளம் எழும்புறத அவங்களே பாப்பாங்க.