உக்ரைன் போர்முனைச் செய்திகளை இணையத்தில் பின்தொடர்வது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

2022 பிப்ரவரி 24. போர் தொடங்கிய முதல் நாள். கருங்கடலில் இருக்கும் பாம்புத் தீவில் உக்ரைன் எல்லைக் காவலர்கள் 13 பேர் சரணடைய மறுத்து உயிரைவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதிபர் ஸெலன்ஸ்கியே அவர்களுக்கு இறந்தபின் வழங்கும் வீர விருதை அறிவித்தார். நான் அதை நம்பினேன், பகிர்ந்தேன், சந்தேகப்பட்ட நண்பரோடு கடுமையாக வாதாடினேன். நான்கு நாள் கழித்து உக்ரைன் கடற்படையே சொன்னது: அவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், ரஷ்யாவிடம் பிடிபட்டிருக்கிறார்கள். தீவோடு தொடர்பு அறுந்துபோயிருந்ததால் இறந்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள்.

அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகுதான் இந்தச் செய்திகளை எப்படி வாசிப்பது என்று முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். கற்றதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஒரு ஃபோனும் ஒரு நோட்டும் போதும்.

படி 1: செய்திக்கு முன்னால் நிலத்தைப் படியுங்கள்

முதல் இரண்டு நாள் செய்தியே பார்க்க வேண்டாம். வரைபடத்தை மட்டும் பாருங்கள். போர்முனையின் நீளம் 1,000 கிலோமீட்டருக்கு மேல். உக்ரைனின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலம், 2014-ல் இணைத்துக்கொண்ட கிரிமியாவையும் சேர்த்து, ரஷ்யாவின் பிடியில் இருக்கிறது. அடிக்கடி காதில் விழப்போகும் மாகாணங்கள் கார்கிவ், லுஹான்ஸ்க், டொனெட்ஸ்க், ஸபோரிஷியா, கெர்சன். இவற்றில் லுஹான்ஸ்கும் டொனெட்ஸ்கும் சேர்ந்ததுதான் டான்பாஸ்.

அப்புறம் ஆறுகள். டினிப்ரோவும் ஓஸ்கிலும் எங்கே ஓடுகின்றன என்று விரலால் தடவிப் பாருங்கள். 'இடக்கரை', 'வலக்கரை' என்று செய்தியில் வரும். ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் உங்கள் இடப்பக்கம் இருப்பது இடக்கரை. டினிப்ரோ கடைசியில் தெற்கே போய்க் கடலில் சேருவதால் இடக்கரை என்றால் பெரும்பாலும் கிழக்குப் பக்கம். 2022 நவம்பரில் கெர்சன் நகரத்தை விட்டு ரஷ்யப் படை பின்வாங்கியது இடக்கரைக்கு. அன்றிலிருந்து அங்கே ஆறேதான் போர்முனை.

படி 2: ஊர்ப் பெயர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

இதைச் செய்யாதவர்கள் மாதக்கணக்கில் குழம்புகிறார்கள். 2016-ல் உக்ரைன் பல ஊர்களின் சோவியத் காலப் பெயரை மாற்றியது. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் இன்றும் பழைய பெயரைத்தான் எழுதுகிறது. உக்ரைனியர் பக்முத் என்பதை ரஷ்யர் ஆர்த்யோமவ்ஸ்க் என்பார்கள். பொக்ரோவ்ஸ்க் அவர்களுக்குக் கிராஸ்னோஅர்மேய்ஸ்க். மிர்னோஹ்ராட், திமித்ரோவ். டோரெட்ஸ்க், ஜெர்ஜின்ஸ்க். இரண்டு செய்தியையும் வாசித்துவிட்டு இரண்டு நகரங்கள் விழுந்துவிட்டன என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஒட்டுப் பெயர். குப்யான்ஸ்க் வேறு, குப்யான்ஸ்க்-வுஸ்லோவி வேறு. முன்னது ஓஸ்கில் ஆற்றின் இரு பக்கமும் கிடக்கும் நகரம், பெரும்பகுதி மேற்குக் கரையில். பின்னது கிழக்கே உள்ள ரயில் சந்திப்பு ஊர். ஒன்றைப் பற்றிய செய்தியை மற்றதன் தலையில் ஏற்றினால் ஆற்றையே கடக்கவைத்துவிடுவீர்கள்.

ஒரு ஊரைத் தேட வேண்டுமென்றால் விக்கிப்பீடியாவில் அதன் பக்கத்தைத் திறந்து, உக்ரைனிய எழுத்திலும் ரஷ்ய எழுத்திலும் உள்ள பெயரை நகலெடுத்து, டெலிகிராமில் ஒட்டித் தேடுங்கள். கிடைப்பது நேரடிச் செய்தியாக இருக்கும். மொழிபெயர்ப்பு வசதி அங்கேயே உண்டு.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாஸ்கோ ஆண்டு முழுக்க இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி பின்னால். கீவ் கோடையில் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை.

படி 3: கொஞ்சமாகவே பின்தொடருங்கள்

ஐம்பது டெலிகிராம் சேனலில் சேராதீர்கள். ஒரே காணொளி ஐம்பது முறை வந்தால் ஐம்பது சாட்சி இருப்பதுபோல மனம் நம்பிவிடும். நான் தொடங்குபவர்களுக்குச் சொல்வது மூன்றே மூன்று: உக்ரைனியர் நடத்தும் டீப்ஸ்டேட் வரைபடம், வாஷிங்டனில் இருந்து வரும் போர் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை (ஐ.எஸ்.டபிள்யூ என்பார்கள்), ரஷ்யத் தரப்பில் ரிபார் சேனல்.

மூன்றுக்கும் சாய்வு உண்டு. சாய்வு இருப்பதே நமக்கு உதவும். டீப்ஸ்டேட் ஒரு கிராமத்தைச் சிவப்பாக்கினால், அதாவது ரஷ்யா பிடித்துவிட்டது என்று குறித்தால், அதைப் பெரும்பாலும் நம்பலாம். தன் பக்கத்து இழப்பை யாரும் விரும்பி எழுத மாட்டார்கள். அதேபோல ரிபார் தங்கள் படை பின்வாங்கியது என்று எழுதினால் அது கனமான செய்தி. தனக்கு நோகும் செய்தியை ஒருவர் சொல்லும்போது அதற்கு இரட்டிப்பு மதிப்பு கொடுங்கள்.

இரு பக்கமும் வாய் கட்டப்பட்டிருப்பதையும் மறக்க வேண்டாம். ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று 2022 மார்ச்சில் ரஷ்யா சட்டம் போட்டது. உக்ரைனிலும் படைகளின் இருப்பிடத்தை வெளியிடுவது குற்றம். ஆகவே வரைபடம் எப்போதும் சில நாள் பின்தங்கியே இருக்கும்.

படி 4: சொன்னது, கண்டது, பிடியில் இருப்பது

நோட்டில் இந்த மூன்று தலைப்பில் மூன்று பத்தி (நெடுவரிசை) போடுங்கள். இந்த விளக்கத்தில் எனக்கு மிக முக்கியமான படி இதுதான்.

சோலெதார் என்று உப்புச் சுரங்க ஊர் ஒன்று. பெயருக்கே 'உப்பின் கொடை' என்று பொருள். 2023 ஜனவரி 10 இரவு, ஊர் முழுவதும் எங்கள் கையில் என்று வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படையின் தலைவர் பிரிகோஷின் அறிவித்தார். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் அதையே சொன்னது 13-ஆம் தேதி. உக்ரைன் ராணுவம் பின்வாங்கியதை ஒப்புக்கொண்டது 25-ஆம் தேதி. ஒரு சிறிய ஊர் விழுந்ததற்கு மூன்று தேதி. 11-ஆம் தேதி 'விழுந்தது' என்றவரும் 'விழவில்லை' என்றவரும் இணையத்தில் ஒருவரையொருவர் வசைபாடிக்கொண்டிருந்தார்கள். இருவரிடமும் இருந்தது 'சொன்னது' என்ற பத்தி மட்டும்தான்.

எதிர்ப்பக்க உதாரணம் குப்யான்ஸ்க். 2025 நவம்பர் 20 அன்று நகரைப் பிடித்துவிட்டோம் என்று ரஷ்யத் தலைமைத் தளபதி கெராசிமோவ் புதினிடம் அறிவித்தார். டிசம்பர் 12 அன்று ஸெலன்ஸ்கி அந்த ஊரின் நுழைவுப் பெயர்ப்பலகை முன்னால் நின்று காணொளி வெளியிட்டார். அது எதைக் காட்டுகிறது? பெயர்ப்பலகை வரை உள்ள சாலை அன்று உக்ரைன் வசம் இருந்தது, நகரம் முழுதும் ரஷ்யாவின் உறுதியான பிடியில் இருக்கவில்லை. ஊருக்குள் ஒவ்வொரு தெருவிலும் யார் இருக்கிறார் என்பதை அது காட்டாது. கண்டதற்குமேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள்.

கொடி ஏற்றும் காணொளிகளும் இப்படித்தான். இப்போது போர்முனையின் இருபுறமும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு ட்ரோன்கள் வேட்டையாடுகின்றன. கூட்டமாக நகர முடியாது. இரண்டு மூன்று பேர் ஒளிந்து ஒளிந்து ஊருக்குள் நுழைந்து, ஒரு கூரையில் கொடியைக் காட்டிப் படம் எடுக்கிறார்கள். அது ஊடுருவல், கைப்பற்றல் அல்ல. டீப்ஸ்டேட்டில் சாம்பல் நிறத்தில் தெரியும் பகுதி இந்த நிலைதான். பழைய போர்களில் இருந்ததுபோல இரண்டு பதுங்குகுழி வரிசைக்கு நடுவே ஒரு கோடு என்று இதை நினைக்க முடியாது.

படி 5: ஒரு காணொளியைச் சோதிப்பது

நாற்பது விநாடி ட்ரோன் காணொளி ஒன்று வருகிறது என்று வையுங்கள். முதலில் ஒலியை அணையுங்கள். பின்னணி இசை உங்கள் முடிவை முன்கூட்டியே எடுத்துவிடும். அடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நகராத நான்கு பொருளை எழுதுங்கள்: சாலை வளைவு, தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், மின்கம்ப வரிசை, மரவரிசை.

மரவரிசைக்குத் தனிக் கவனம் கொடுங்கள். வயல்களுக்கு நடுவே காற்றைத் தடுக்க சோவியத் காலத்தில் நட்ட மரங்கள் அவை. இரு தரப்புச் சிப்பாய்களும் 'பொசாத்கா' என்பார்கள். அவற்றுக்குள்தான் குழி வெட்டிப் படுத்திருக்கிறார்கள். எந்த மரவரிசை எந்தக் கோணத்தில் எந்தச் சாலையை வெட்டுகிறது என்பது கைரேகை மாதிரி, இடத்துக்கு இடம் வேறுபடும்.

இப்போது கூகுள் எர்த்தில் அந்த ஊருக்குப் போய் இந்த நான்கையும் பொருத்துங்கள். கூரைகளைத் தேடாதீர்கள். செயற்கைக்கோள் படம் போருக்கு முந்தியதாக இருக்கலாம், அதில் முழுசாக நிற்கும் வீடு இன்று சுவரோடு நிற்கும். தெரு அமைப்பு மாறாது. இரண்டு பொருள் பொருந்தினால் 'இருக்கலாம்', நான்கும் கோணத்தோடு பொருந்தினால் 'இதுதான்'.

இடம் தெரிந்தாலும் தேதி தெரியாது. இலை இருக்கிறதா, பனியா, சூரியகாந்தி நிற்கிறதா என்று பாருங்கள். நிழலின் திசையை சன்கால்க் என்ற தளத்தில் வைத்து நேரத்தை அளக்கலாம். கடைசிக் கேள்வி: யார் யாரைத் தாக்குகிறார்? ஒரு வீட்டின்மேல் ரஷ்ய விமானக் குண்டு விழுகிறது என்றால், அந்த வீட்டில் உக்ரைனியர் இருப்பதாக ரஷ்யர் நினைக்கிறார்கள். தங்கள் கையில் இருப்பதாகச் சொல்லும் தெருவில் அவர்களே குண்டு போட்டால், அந்த அறிவிப்பு அவசரமானது.

கணினி விளையாட்டுக் காட்சிகள் போர்க்காட்சியாகச் சுற்றுவது இன்னும் நிற்கவில்லை. ஆர்மா 3 விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே 2022 நவம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. ரஷ்ய விமானங்களைத் தனியாகச் சுட்டு வீழ்த்தியதாகப் பரவிய 'கீவின் பேய்' என்ற விமானியின் கதையும் இருக்கிறது. அது மக்கள் உருவாக்கிய புனைவு என்று 2022 ஏப்ரல் இறுதியில் உக்ரைன் விமானப்படையே சொல்லிவிட்டது.

நாசாவின் ஃபிர்ம்ஸ் தளமும் உதவும். நிலத்தில் எங்கே வெப்பம் என்று புள்ளி காட்டும். ஒரு புள்ளி கிட்டத்தட்ட 375 மீட்டர் அகலம். கோடையில் வயலில் அறுவடைத் தாளை எரித்தாலும் அதே புள்ளிதான் வரும், மேகம் இருந்தால் ஒன்றும் வராது. துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எண்கள்

தமிழ்ச் செய்திகளில் அதிகம் தவறுவது இங்கேதான். உக்ரைன் ராணுவம் தினமும் வெளியிடும் 'ரஷ்ய இழப்பு' எண்ணில் காயம்பட்டவர்களும் உண்டு. 'கேஷுவால்ட்டி' என்ற ஆங்கிலச் சொல்லைப் 'பலி' என்று மொழிபெயர்த்தால் லட்சக்கணக்கில் பிழை வரும். 'இழப்பு' என்றோ 'கொல்லப்பட்டோர், காயமுற்றோர்' என்றோ எழுதுங்கள்.

எதிரியின் இழப்பைப் பற்றி எந்தத் தரப்பு சொன்னாலும் அது தரப்பின் கூற்று. தன் இழப்பைச் சொல்வது அரிது. உக்ரைனில் கொல்லப்பட்ட வீரர்கள் 31,000 என்று 2024 பிப்ரவரியிலும், 43,000 என்று அந்த ஆண்டு டிசம்பரிலும் ஸெலன்ஸ்கி சொன்னார். ரஷ்ய மரணங்களை மீடியாஸோனா என்ற சுயாதீன ரஷ்யச் செய்தித்தளமும் பிபிசி ரஷ்யப் பிரிவும் இரங்கல் அறிவிப்பு, கல்லறை என்று தேடிப் பெயர் பெயராக எண்ணுகின்றன. டாங்கி, கவச வண்டிக்கு ஓரிக்ஸ் குழு படத்தோடு மட்டுமே கணக்கு வைக்கிறது. இப்படி எண்ணுவது குறைந்தபட்சக் கணக்கு, உண்மை அதைவிட அதிகம்.

படி 7: விவாதிக்கும்போது

கருத்து எழுதும்முன் நான்கைச் சேருங்கள்: என்ன, எங்கே, எப்போது எடுத்தது, எப்படித் தெரியும். 'பொக்ரோவ்ஸ்க் காலி' என்று எழுதாதீர்கள். 'பொக்ரோவ்ஸ்கின் தெற்குத் தெருக்களில் ரஷ்யச் சிப்பாய்கள் தெரியும் காணொளி வந்திருக்கிறது, இடம் பொருந்துகிறது, தேதி உறுதியில்லை' என்று எழுதுங்கள். இதை எதிர்க்கிறவர்கூட ஏதாவது ஒரு அம்சத்தைக் காட்டித்தான் எதிர்க்க முடியும். பேச்சு வளரும்.

'கைப்பற்றியது' என்பதற்கும் 'கைப்பற்றியதாகக் கூறுகிறது' என்பதற்கும் தமிழில் ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லுக்காகப் பிடிவாதமாக நில்லுங்கள்.

என் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. படையெடுத்தது ரஷ்யா, அது தவறு என்று நினைக்கிறேன். ஆனால் உக்ரைன் வசம் இருந்த அவ்தீவ்கா நகரம் 2024 பிப்ரவரியில் விழுந்தபோது விழுந்தது என்றுதான் எழுத வேண்டியிருந்தது. நியாயம் யார் பக்கம் என்பது ஒரு கேள்வி, கிராமம் யார் கையில் என்பது வேறு கேள்வி. ஒரே பதிவில் இரண்டையும் கலக்காதீர்கள். ஆரூடம் வேண்டவே வேண்டாம். சில நாளில் கீவ் விழும் என்று 2022-ல் சொன்னார்கள். 2023 கோடையில் உக்ரைன் படை அஸோவ் கடலை எட்டிவிடும் என்று நம்பினார்கள். இரண்டும் நடக்கவில்லை.

பிழை செய்தால் பதிவை அழிக்காமல் கீழேயே திருத்தம் போடுங்கள். உங்களை நம்பிப் பகிர்ந்தவர் அதைப் பார்க்க வேண்டும்.

பகிரக் கூடாதவை

போர்க்கைதியின் முகம், இறந்தவரின் முகம். கைதிகளைக் காட்சிப்பொருளாக்குவதை மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை என்று ஆசைகாட்டி அழைத்துப்போகப்பட்ட இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டு இதே போர்முனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் பகிரும் முகத்தை அவர்களுடைய அம்மா முதன்முதலாக வாட்ஸப்பில் பார்க்க நேரலாம். டெலிகிராம் அமைப்புக்குள் போய்த் தானாக ஓடும் காணொளிகளை அணைத்துவிடுங்கள், உங்களுக்காகவும்தான்.

முதல் வாரப் பயிற்சி

வரைபடத்தில் போர்முனையை ஒட்டி ஒரே ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் இரண்டு பெயரையும், அருகில் ஓடும் ஆற்றையும், போகும் சாலையையும் எழுதுங்கள். ஏழு நாள், தினமும் இரவு பத்து நிமிடம், அந்தக் கிராமம் பற்றி வந்ததை மூன்று பத்தியில் நிரப்புங்கள். 'பிடியில் இருப்பது' என்ற பத்தி பல நாள் காலியாகவே இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த நாள் தேதியைப் போடுங்கள்.