வாஸ்ப் 18பி: ஒரு புறக்கோளை நீங்களே தரவில் தேடிப் பிடிக்கலாம்

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களின் பட்டியல் 2025 செப்டம்பரில் 6,000ஐத் தொட்டது. அவற்றில் பெரும்பாலானவை படம் பிடித்துக் கண்டவை அல்ல. கோள் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் ஒரு துளி குறையும். அதை வைத்துப் பிடித்தவைதான் அதிகம். நாசாவின் டெஸ் விண்கலம் 2018 முதல் அளந்து வரும் வெளிச்சத் தரவு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. தொலைநோக்கி தேவையில்லை, ஒரு கணினியும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

பழகுவதற்கு வாஸ்ப் 18பியை எடுத்துக்கொள்வோம். கோயல் ஹெலியர் குழுவினர் 2009ல் அறிவித்த கோள் இது. நட்சத்திரத்தை ஒருமுறை சுற்றி வர இதற்கு 22.6 மணி நேரம்தான் ஆகிறது. அதாவது அங்கே ஒரு வருடம் நம் ஒரு நாளைவிடச் சின்னது. டெஸ் ஒரு வானப் பகுதியைச் சுமார் 27 நாள் தொடர்ந்து பார்க்கும் என்பதால் இருபதுக்கும் மேற்பட்ட வெளிச்சச் சரிவுகள் கிடைக்கும். தொடக்கத்திற்கு இதைவிடத் தோதான கோள் இல்லை என்பது என் கட்சி.

படி 1: தரவை இறக்குதல்

உலாவியிலேயே பைத்தான் நிரலை ஓடவிடும் கூகுள் கோலாபில் புதிய குறிப்பேடு திறந்து, லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பை நிறுவுங்கள். பைத்தான் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. லைட்கர்வ் தளத்தில் உள்ள பயிற்சிக் குறிப்பேட்டின் வரிகளை நகலெடுத்து, நட்சத்திரத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். டெஸ் பட்டியலில் இதன் எண் 100100827. தேடினால் நிறைய வரிசைகள் வரும். டெஸ் தரவைப் பதப்படுத்தும் நாசாவின் ஸ்பாக் (SPOC) குழு தயாரித்த, 120 நொடி இடைவெளி கொண்ட, 2ஆம் பகுதித் தரவைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: வரைந்து பார்த்தல்

வரைபடத்தில் ஒரு பட்டையும், அதிலிருந்து வரிசையாகக் கீழே தொங்கும் கோடுகளும் தெரியும். அந்தக் கோடுகள்தான் கோள். நடுவில் ஓர் இடைவெளி இருந்தால் பதற வேண்டாம். டெஸ் பூமிக்கு அருகே வந்து தரவை அனுப்பிய நேரம் அது.

படி 3: சமன்படுத்துதல்

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். வெளிச்சத்தில் உள்ள மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்க லைட்கர்வில் ஒரு கட்டளை உண்டு. அது ஒரே நேரத்தில் எத்தனை புள்ளிகளைப் பார்க்க வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். சொல்லாவிட்டால் 101 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு நிமிடத் தரவில் அது ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். நம் கோளின் கடப்பே, அதாவது அது நட்சத்திரத்தின் குறுக்கே போகும் நேரமே, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. ஆகவே அந்தக் கட்டளை கடப்பையே ஒரு ஏற்ற இறக்கமாக நினைத்துச் சரிவின் ஒரு பகுதியை அழித்துவிடும். 401 என்று கொடுங்கள். ஒற்றைப்படை எண்ணாக இருப்பது முக்கியம்.

படி 4: மடித்தல்

சுற்றுக்காலம் கண்டுபிடிக்கும் கருவியை 0.5 முதல் 5 நாள் வரை ஓடவிடுங்கள். 0.94 நாள் என்று வர வேண்டும். 1.88 வந்தால் அது இரட்டிப்பு, பாதியாக்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தால் வரைபடத்தை மடித்தால் எல்லாச் சரிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, தட்டையான அடி கொண்ட ஒரே பள்ளமாகும்.

படி 5: அளவு

பள்ளத்தின் ஆழம் சுமார் 1%, அதாவது 0.01. அதன் வர்க்கமூலம் 0.1. கோளின் ஆரம் நட்சத்திரத்தின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். நட்சத்திரம் சூரியனைப்போல் 1.24 மடங்கு, அதாவது ஆரம் 8.6 லட்சம் கி.மீ. அப்படியானால் கோளின் ஆரம் 86,000 கி.மீ. வியாழனைவிட 1.2 மடங்கு. ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள எண்ணும் இதையொட்டியே இருக்கிறது.

படி 6: இது கோள்தானா?

சரிவு கிடைத்தால் கோள் கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்தாலும் இப்படியே தெரியும். டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி வானில் 21 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3,600ல் ஒரு பங்கு) அகலம். பக்கத்து நட்சத்திரத்தின் சரிவும் அதற்குள் கலந்துவிடலாம். அதனால் ஒன்றுவிட்டு ஒன்று வரும் சரிவுகளின் ஆழம் ஒன்றாக இருக்கிறதா, அடி கூர்மையாக இல்லாமல் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சுற்றின் சரிபாதியில் இரண்டாவது சரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இரட்டை நட்சத்திரமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

வாஸ்ப் 18பியில் அந்த இரண்டாவது சரிவும் இருக்கிறது! புள்ளிகளைக் கொத்துக் கொத்தாகச் சராசரி எடுத்தால் 0.03% அளவில் எட்டிப்பார்க்கும். கோளின் பகல் பக்கம் ஏறக்குறைய 2,700 டிகிரி செல்சியஸில் தகிக்கிறது. அது நட்சத்திரத்தின் பின்னால் போகும்போது அந்த ஒளி மறைகிறது, அவ்வளவுதான். கோள் என்ற முடிவு, அது இழுப்பதால் நட்சத்திரத்துக்கு வரும் தள்ளாட்டத்தை அளந்த பிறகு வந்தது. அதன்படி நிறை வியாழனைப்போல் சுமார் 10 மடங்கு. ஆரம் மட்டும் தெரிந்திருந்தால் இதைப் பழுப்புக் குறுமீன் (கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட பொருள்) என்றும் வாதிட்டிருக்கலாம்.

இன்றைய ஆய்வு பிடித்துக்கொண்டிருப்பதும் அந்தக் குட்டிச் சரிவைத்தான். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியால் அதை அளந்துதான் 2023ல் இந்தக் கோளின் வளிமண்டலத்தில் நீராவி இருப்பதைக் காட்டினார்கள். கோள் நட்சத்திரத்தின் பின்னால் ஒளியும்போதும் வெளிவரும்போதும் ஒளி மாறும் விதத்திலிருந்து எந்தப் பகுதி எவ்வளவு சூடு என்று வரைபடமே போடுகிறார்கள்.

கை பழகியதும் பை மென்சே சியை எடுங்கள். டெஸ் கண்டுபிடித்த முதல் கோள் அது, சுற்றுக்காலம் 6.27 நாள், கடப்பின் ஆழம் வெறும் 0.03%. சமன்படுத்தும் எண்ணைக் கவனமாக வையுங்கள்.