லூபஸ் நோயில் சிறுநீரக அறிக்கையைப் படிப்பது எப்படி?

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் லூபஸ் நோயாளியின் குடும்பத்தார், ஈப்போ பெரிய மருத்துவமனையிலிருந்து வரும் பரிசோதனைத் தாளில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் என்ற ஒரு வரியை மட்டும் தேடிப் பார்த்து, அது சரியாக இருந்தால் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பிந்தி ஏறும் எண் அது. சிறுநீரக அணுக்கள் எந்த வரிசையில் சிதைகின்றனவோ, அந்த வரிசையிலேயே தாளைப் படிக்க வேண்டும்.

முதலில் இரத்தப் பரிசோதனையில் டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள், சி3, சி4 என்னும் தற்காப்புப் புரதங்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். இறந்த அணுக்களின் குப்பையை உடல் உடனுக்குடன் அகற்றாதபோது, அவற்றின் உட்கருப் பொருள் வெளியே கிடந்து, டி.எல்.ஆர்.7, டி.எல்.ஆர்.9 என்னும் உணரிகளைத் தூண்டுகிறது. அதனால் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதம் பெருகி, எதிர்ப்பொருளைச் சுரக்கும் வெள்ளணுக்களான பி அணுக்கள் சொந்த டி.என்.ஏ.வையே பகையாகக் கருதி எதிர்ப்பொருள் சுரக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் தோலணுக்களைக் கொன்று இந்தக் குப்பையைக் கூட்டுவதால்தான், தோட்டத்தில் வேலை செய்பவருக்கு நீண்ட கைச்சட்டையும் தொப்பியும் மருந்துக்கு நிகரானவை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை அந்த உணரிகளின் தூண்டலைத் தணிக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும் மாதங்களிலும் அதை நிறுத்தச் சொல்லாததன் காரணம் இதுவே.

எதிர்ப்பொருள்கள் சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சுகளில் படிந்ததும், காம்ப்ளிமென்ட் எனப்படும் புரதத் தொடர் சி1க்யூ, சி4, சி3 என ஒன்றன்பின் ஒன்றாகக் கிளர்ந்து செலவாகிறது. இரத்தத்தில் சி3, சி4 குறைவது இந்தச் செலவின் அடையாளம். ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே சி4 குறைவாக இருக்கும் என்பதால், ஆய்வகத்தின் இயல்பு அளவைவிட நோயாளியின் சென்ற முறை அளவோடு ஒப்பிடுவதையே நான் நம்புவேன். இத்தொடரிலிருந்து பிரியும் சி3ஏ, சி5ஏ துண்டுகள் வெள்ளணுக்களை அழைத்து வர, முடிச்சிலுள்ள நுண் இரத்தக்குழலின் சுவர் புண்ணாகிச் சிறுநீரில் இரத்த அணுக்கள் இறங்குகின்றன.

அடுத்து சிறுநீர்ப் புரதம். பால் ஸ்டோரில் ரப்பர்ப் பாலை வடிக்கும் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியின் வெளிப்புறத்தில் போடோசைட் என்னும் அணுக்கள் விரல்களைப் போன்ற பாதங்களைக் கோத்து நிற்க, இடையிலுள்ள துவாரத்தை நெஃப்ரின் என்னும் புரதம் மறித்திருக்கிறது. காம்ப்ளிமென்ட் தொடரின் கடைசிக் கூட்டமைப்பு இவ்வணுக்களின் சவ்வில் செருகினால், உள்ளிருக்கும் ஆக்டின் சட்டகம் தளர்ந்து பாதங்கள் தட்டையாகிவிடும். சிறுநீர் நுரைக்கத் தொடங்கும். போடோசைட்டுகள் இரட்டித்துப் பெருகுவது மிக அரிது, இழந்தவை திரும்புவதில்லை. ஆகவே நுரையைக் கண்டால் அடுத்த தவணை வரை காத்திராமல் கிளினிக்குக்குப் போவதே முறை.

நாளொன்றுக்கு 0.5 கிராமுக்கு மேல் புரதம் வெளியேறினால் மருத்துவர் சிறுநீரகத் திசு ஆய்வைப் (பயாப்சி) பரிசீலிப்பார். ஒரே ஒரு முறை கழித்த சிறுநீரில் பார்க்கும் விகிதத்தில் இது, ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம். 24 மணி நேரச் சிறுநீர் கேட்டிருந்தால், முதல் நாள் காலையில் எழுந்ததும் கழிப்பதைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பின் மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை ஒரு துளியும் விடாமல் சேர்க்க வேண்டும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகிற நாளில் இது நடக்காது, ஓய்வு நாளைத் தேர்ந்தெடுங்கள். காய்ச்சலோ மாதவிலக்கோ இருந்தால் தள்ளிப்போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திசு ஆய்வு அறிக்கையில் ஒன்று முதல் ஆறு வரை ஒரு வகுப்பு எண் இருக்கும். எதிர்ப்பொருள் படிந்த இடமும் அழற்சியின் பரப்புமே பெரும்பாலும் வகுப்பைத் தீர்மானிக்கின்றன: முடிச்சுகளில் பாதிக்குக் குறைவாக அழற்சி இருந்தால் மூன்று, பாதியோ அதற்கு மேலோ இருந்தால் நான்கு, போடோசைட் பக்கம் படிந்து சவ்வு தடித்திருந்தால் ஐந்து. ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள் வகைகளும் சி3, சி1க்யூ புரதங்களும் ஆக ஐந்தும் ஒளிரும் சாயச் சோதனையில் ஒளிர்ந்தால் அறிக்கையில் ‘ஃபுல் ஹவுஸ்’ என்று எழுதுவார்கள். சீட்டாட்டச் சொல் என்பதால் திடுக்கிட வேண்டாம்.

வகுப்பைவிட நான் முதலில் தேடுவது இரண்டு மதிப்பெண்களை. 24க்கு இடப்படும் மதிப்பெண் நடப்பு அழற்சியைக் காட்டும், அது மருந்துக்கு இறங்கக்கூடியது. 12க்கு இடப்படுவது தழும்பைக் காட்டும், அது இறங்காது. கசிந்த புரதத்தை ஓயாமல் உறிஞ்சிச் சலித்த, சிறுநீர் செல்லும் நுண்குழாயின் அணுக்கள் டி.ஜி.எஃப். பீட்டா போன்ற சமிக்ஞைகளை வெளியிடுவதும் அத்தழும்புக்கு ஒரு காரணம். கிரியேட்டினின் நிலையாக ஏறிவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மூட்டுவலிக்கு மளிகைக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் மாத்திரைகள், புண்ணான முடிச்சுக்கு இரத்தம் செல்லும் குழலைச் சுருக்கும். அவற்றைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும், ‘மால்’ என்னும் மலேசிய அரசின் மருந்துப் பதிவெண் இல்லாத ஜாமு என்னும் மூலிகைப் பொடியும் அப்படியே, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கவும் கூடும்.

எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அன்று எடுத்துக்கொண்டிருந்த பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைப் பென்சிலால் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.